தண்ணீர் மாதிரி எண்ணெய்!

எண்ணெய் வாங்கும்போது என்ன பார்க்கிறோம்? பாக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுகிறோம். தண்ணீர் மாதிரி இருக்கா? சபாஷ், சுத்தம்! உறையில் இதயப் படம், 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று ஒரு வரி. எந்தத் தாவர எண்ணெயிலும் பேர் சொல்லும்படி கொலஸ்ட்ரால் கிடையாதுங்க. கத்திரிக்காயை 'எலும்பு இல்லாதது' என்று கூவி விற்கிற கதை.

அந்தப் பளபளப்பு எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. வித்தில் ஹெக்சேன் ஊற்றிக் கரைத்தெடுத்த எண்ணெயில் பசை இருக்கும். தண்ணீரும் ஆசிட்டும் விட்டு அதை இறக்குவார்கள். கொழுப்பு அமிலத்தைக் காஸ்டிக் சோடா போட்டு சோப்பாக்கிக் கழுவுவார்கள் (கூடவே கொஞ்சம் நல்ல எண்ணெயும் போகும்). நிறத்தை உறிஞ்சக் களிமண். வாடை போக 200 டிகிரிக்கு மேல் நீராவி. தூக்கிப்போடும் களிமண்ணின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்தான்! சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிற நாடு, டாலர் கொடுத்து வாங்கி மண்ணுக்கு ஊட்டுகிறது.

வேறு வழி இருக்கு. வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்குள் இருக்கிறதே சவ்வு, அதன் பங்காளி. பசை மூலக்கூறும் எண்ணெய் மூலக்கூறும் கிட்டத்தட்ட ஒரே சைஸ். ஆனால் ஹெக்சேனில் பசை கூட்டம் சேர்ந்து பெருத்துவிடும். கூட்டம் சவ்வுக்கு இந்தப் பக்கம் நிற்கும், எண்ணெய் அந்தப் பக்கம் போகும். பசை நீக்க ஆசிட் வேண்டாம், கழுவத் தண்ணீர் வேண்டாம். நிறத்திலும் கொஞ்சம் குறையும்.

"சவ்வு அடைச்சுக்குமே?" என்பார்கள். வாஸ்தவம். புது தோசைக்கல்லில் மாவு ஒட்டினால் கல்லையா தூக்கி எறிகிறோம்? வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துப் பழக்குகிறோம். சவ்வின் மேற்பரப்பையும் அப்படித்தான், பசை ஒட்டாதபடி ரசாயன முறையில் மாற்றுகிறார்கள். நம்ம மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்திலேயே எண்ணெயைச் சவ்வில் வடிக்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. வாடையையும் கொழுப்பு அமிலத்தையும் நீக்க இது ஒன்றே போதாது என்பதும் உண்மை. அதற்காக முதல் படியையே ஏறாமல் இருப்பதா?

நான் காமர்ஸ் படித்தவன். எனக்குத் தெரிவது கணக்கு. சவ்வின் விலை ஆலைக்காரர் பேலன்ஸ் ஷீட்டில் ஏறும். சோப்புத் தண்ணீர் வெளியே ஓடினால் அந்தச் செலவு பக்கத்து ஊர்க் கிணற்றுக் கணக்கில்! கழிவுநீருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று அரசு கட்டணம் போடட்டும். அந்தப் பணத்திலேயே முதல் பத்து ஆலைகளுக்குச் சவ்வு வாங்க மானியம் கொடுக்கட்டும். மறுநாளே ஆலைக்காரர் மைசூருக்கு பஸ் ஏறுவார்.