கேணியா... தொட்டியா?

அரசுப் பாடப்புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். பாடத்தின் ஓரத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு சதுரக் கட்டம் இருக்கும். க்யூ.ஆர். கோடு. செல்போனைக் காட்டினால் வீடியோ வரும், பயிற்சி வரும். 2018-ல் புதிய பாடத்திட்டம் வந்தபோது தமிழ்நாடு செய்த நல்ல காரியம் இது. மத்திய அரசு 2017-ல் தொடங்கிய 'தீக்ஷா' தளத்தில் நம் பாடங்கள் ஏறின. 2023-ல் மாநில அரசே 'மணற்கேணி' என்ற செயலியைக் கொண்டுவந்தது.

எல்லாம் சரி. பாராட்டுகிறேன். என் சண்டை அந்தப் பெயரோடுதான்.

மணற்கேணி வள்ளுவர் சொன்ன உவமை. தோண்டத் தோண்ட ஊறும். ஊறுவது எங்கிருந்து? கீழேயிருந்து. நாம் கட்டியிருப்பதோ மேல்நிலைத் தொட்டி. சென்னையில் நிரப்புகிறோம், குழாய் வழியாக ஊர் ஊராக இறக்குகிறோம். பிறகு ஏன் சார் கேணி என்று பெயர்?

இப்போது என்னோடு புதூர்நாட்டுக்கு வாருங்கள். திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் வரும் ஊர். சுற்றிலும் மலையாளிப் பழங்குடி மக்களின் கிராமங்கள். (உடனே கேரளாவை நினைக்காதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ்.) சாமை, புளி, தேன் என்று மலையை நம்பிய வாழ்க்கை. பிள்ளைகளுக்கு உண்டு உறைவிடப் பள்ளிகள்.

பத்துப் படி சாமையைக் குத்தினால் அரிசி எத்தனை படி தேறும்? அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்தக் கேள்வியைப் போட்டால், சதவிகிதக் கணக்கில் பாதி அங்கேயே முடிந்துவிடும். மீதியை ஆசிரியர் கரும்பலகையில் முடிப்பார்.

அப்படி ஒரு பாடத்தை ஓர் ஆசிரியர் நடத்துகிறார் என்று வையுங்கள். அந்தப் பாடம் என்ன ஆகும்? பாடக்குறிப்பேட்டில் எழுதுவார். தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போடுவார். வருஷக் கடைசியில் நோட்டு அலமாரிக்குப் போகும். அலமாரி நிரம்பினால் பழைய பேப்பர் கடைக்கு. ஆசிரியருக்கு மாறுதல் வந்தால் பாடமும் அவரோடு மலை இறங்கிவிடும். அடுத்து வருகிறவர் 'அ'விலிருந்து ஆரம்பிப்பார். நஷ்டம் யாருக்கு? அந்தப் பிள்ளைக்கு.

மலையிலிருந்து கீழே எதுவுமே வருவதில்லை என்று சொல்லவில்லை. வருகைப் பதிவு வரும். எமிஸ் தளத்தில் பிள்ளையின் பிறந்த தேதி முதல் வாங்கிய செருப்பு வரை பதிவாகும். இந்தப் பதிவு வேலையைக் குறையுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் பல வருஷம் கத்தின. ஆக, நாம் கொடுப்பது பாடம், கேட்பது புள்ளிவிவரம். இதற்குப் பெயர் பகிர்வா?

"யார் வேண்டுமானாலும் பாடம் ஏற்றலாம் என்று 2020-லேயே 'வித்யாதான்' திட்டம் வந்துவிட்டதே" என்பீர்கள். வந்தது. வாசலைத் திறந்து வைத்தால் போதுமா? ஒரு வளைவில் கிடைத்த சிக்னல் அடுத்த வளைவில் காணாமல் போகிற மலையில், நாலு வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் எப்போது வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, ஏற்றுவது? அவரைத் தேடி யாராவது போக வேண்டாமா?

"கண்டவரும் எழுதினால் தப்பு வராதா?" என்பது அடுத்த கேள்வி. வரும். நிபுணர் குழு எழுதிய புத்தகத்திலும் வந்திருக்கிறது. திருத்திக்கொள்ளவில்லையா?

இது நடக்காத காரியமும் இல்லை. ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலியைச் சுற்றியிருந்த சின்னஞ்சிறு கிராமப் பள்ளிகளில் கதை, பாட்டு, விளையாட்டு வைத்துப் பாட அட்டைகள் தயாரித்தார்கள். நம் ஆசிரியர்கள் போய்ப் பார்த்துக் கற்று வந்தார்கள். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்த செயல்வழிக் கற்றல், 2007-ல் தமிழ்நாடு முழுக்கப் போனது. அந்த முறையின் குறைநிறை வேறு விஷயம். இன்டர்நெட் இல்லாமல், வெறும் அட்டையில், ஒரு குக்கிராமத்துப் பாடம் தலைநகருக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஆசிரியர் பாடக்குறிப்பைக் கையால் எழுதித் தரட்டும். வட்டார வள மையம் அதை வாங்கிச் சரிபார்த்து, அவர் பெயரோடு தளத்தில் ஏற்றட்டும். தளத்தில் இருப்பதை அச்சாகவோ பென் டிரைவிலோ சிக்னல் இல்லாத பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். புதூர்நாட்டின் சாமைக் கணக்கு கொல்லிமலைக்கும் கல்வராயன் மலைக்கும் போகட்டும். ஆர்கானிக் கடையில் சாமையைத் தேடி வாங்குகிறீர்களே, உங்கள் பிள்ளைக்கும் அந்தக் கணக்கு வரட்டுமே!

அடுத்த முறை யாராவது மணற்கேணியைப் பற்றிப் பெருமையாகப் பேசினால், நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"ஜவ்வாது மலையில் ஊறிய பாடம் இதில் எத்தனை சார்?"