இரத்தம் குடுக்கிறம், சரி. இரும்பை ஆர் அளக்கிறது?

மே 8 உலக தலசீமியா தினம். அண்டைக்கு முகநூல் முழுக்கச் சிவப்பாத்தான் இருக்கும். இரத்ததான முகாம் படங்கள், முழங்கையில பஞ்சு ஒட்டின சிரிச்ச முகங்கள், உயிர் காப்போம் எண்ட வாசகங்கள். அந்தப் படங்களில நாங்களும் நிக்கிறம். இரத்தம் குடுக்கிறதில எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை. அதுக்குப் பிறகு வாற மௌனத்தோடதான் சண்டை. குடுத்த இரத்தம் இன்னொரு உடம்புக்குள்ள போன பிறகு அதில இருக்கிற இரும்புக்கு என்ன நடக்குது எண்டு ஒரு போஸ்டரும் கேக்கிறதில்லை.

கணக்குச் சின்னன்தான். ஒரு பைந்து இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கிறது. உடம்பிலிருந்து ஒரு நாளில் தானாகக் கழிவது ஏறத்தாழ 1 மில்லிகிராம். கூடிப்போன இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு வேறு வழி இல்லை. மாதம் இரண்டு பைந்து ஏற்றும் ஒருவருக்கு வருடத்தில் 5, 6 கிராம் உள்ளே போகிறது. சுகதேகியான ஒரு ஆளின் முழு உடம்பிலும் இருக்கிற இரும்பே 3, 4 கிராம்தான். ஒரு வருசத்திலயே இன்னொரு உடம்புக்குத் தேவையான இரும்பு வந்து சேருது எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ.

இந்தச் சுமையை முதலில் தாங்குவது ஈரல். பிறகு இதயம், சதையி, மூளையடியில் இருக்கும் கபச் சுரப்பி. அதனால்தான் தலசீமியாப் பிள்ளைகள் சிலருக்கு வளர்ச்சி நிக்குது, பருவமடைதல் தள்ளிப்போகுது, சின்ன வயசிலயே நீரிழிவு வருது. ஒழுங்காக இரத்தம் ஏற்றப்படும் தலசீமியா நோயாளர்களின் மரணங்களுக்கு நீண்ட காலமாக முதற் காரணமாக இருந்தது இரத்தக் குறைவல்ல, இதயத்தில் படிந்த இரும்பு.

இரும்பை வெளியேற்ற மருந்து இருக்கு. டெஸ்பெரொக்சமின் எண்டால் வயிற்றுத் தோலுக்குக் கீழே ஊசியைக் குத்தி, சின்னப் பம்ப் ஒன்றைப் பூட்டி, 8 முதல் 12 மணித்தியாலம் வரை ஏற்ற வேணும். கிழமையில ஐந்து இரவாவது. டெபெராசிரொக்ஸ், டெபெரிப்ரோன் எண்டால் வாயால் எடுக்கலாம். இலங்கையில் இந்த மருந்துகளை அரசாங்க வைத்தியசாலைகள் இலவசமாகக் குடுக்கின்றன. அதுக்கு இலவச சுகாதார சேவையை நாங்கள் மெச்சத்தான் வேணும். ஆனால் விலை கூடின மருந்தை வருசக் கணக்கில குடுத்துப்போட்டு, அது வேலை செய்யுதோ எண்டு சரியாக அளக்காமல் விட்டால் அதை என்னெண்டு சொல்லுறது?

இப்ப அளக்கிறது பெரும்பாலும் ஃபெரிட்டின். சாதாரண இரத்தப் பரிசோதனை, மலிவு, எங்கயும் செய்யலாம். எங்கட பீடத்தில மாதாமாதம் இரத்தம் ஏத்துற ஒருத்தி இருக்கிறா. நாங்கள் ஜி.பி.ஏ. சொல்லுற மாதிரி அவ ஃபெரிட்டின் சொல்லுவா: போன முறை 2,100, இந்த முறை 3,400. எண் கூடினால் கிளினிக்கில முதல் வாற கேள்வி, "மருந்து ஒழுங்கா எடுக்கேல்லையோ?" அவ ஒழுங்காத்தான் எடுத்தவ. அந்தக் கிழமை காய்ச்சல் இருந்தது, அவ்வளவுதான். காய்ச்சல், தொற்று, ஈரல் அழற்சி எது வந்தாலும் ஃபெரிட்டின் ஏறும். விற்றமின் சி குறைந்தால் இறங்கிக் காட்டும்.

இதுக்கு எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். ஹீமோகுளோபின் ஈ பீற்றா தலசீமியா இலங்கையில் கணிசமான ஆக்களுக்கு இருக்கிற வகை. மேஜரோடு ஒப்பிட்டால், இந்த வகையில் ஈரலில் இரும்பு நிறைய இருந்தும் ஃபெரிட்டின் குறைவாகக் காட்டக்கூடும். பார்க்கிற வைத்தியருக்கும் நிம்மதி, வீட்டாக்களுக்கும் நிம்மதி, ஈரலுக்கு மட்டும் நிம்மதி இல்லை. இந்த வகை நோயைப் பற்றி உலகம் நிறையப் படிச்சது குருநாகல் நோயாளர்களிடம் இருந்துதான். 2005இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு, இலங்கையில் இந்த நோய் உள்ளவர்களைப் பற்றியது. எங்கட நாட்டு ஆக்களின்ட உடம்பு உலகத்துக்குப் பாடமாச்சு. அந்த உடம்புகளுக்குத் திரும்பி வாறது ஃபெரிட்டின் துண்டு மட்டும் எண்டால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஃபெரிட்டினைத் தூக்கி எறியச் சொல்லேல்லை. பல மாதப் போக்கைப் பார்க்க அது உதவும். தனி ஒரு எண்ணை வைச்சு ஈரலுக்குத் தீர்ப்புச் சொல்லாதேங்கோ எண்டுதான் சொல்லுறம்.

ஈரலில் இருக்கிற இரும்பை நேராக அறிய முன்பு இருந்த வழி, ஊசியால் ஈரலில் ஒரு துண்டு எடுப்பது. வலி, இரத்தக் கசிவு அபாயம், எடுத்த துண்டு முழு ஈரலையும் காட்டுமோ எண்ட சந்தேகம். எம்.ஆர்.ஐ. அதை மாத்திப்போட்டுது. இரும்பு காந்தப்புலத்தைக் குழப்பும். அதனால் இரும்பு கூடின ஈரலில் இருந்து வரும் சமிக்ஞை கெதியா மங்கும். மங்கிற வேகத்தை அளந்தால் இரும்பின் அளவைக் கணக்கிடலாம். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. 2001இல் லண்டன் ஆய்வாளர்கள் இந்த வழியில் இதய இரும்பையும் ஈரல் இரும்பையும் அளந்து காட்டினார்கள். 2005இல் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஈரலுக்கான கணக்குகள் இன்னும் திருத்தமாக வந்தன. உலர்ந்த ஈரல் ஒரு கிராமுக்கு 1.8 மில்லிகிராம் வரை இயல்பு. 7ஐத் தாண்டினால் சிக்கல்கள் கூடும். 15ஐத் தாண்டினால் இதயத்துக்கும் ஆபத்து. ஆனால் ஈரல் சுத்தமாகிய பிறகும் இதயத்தில் இரும்பு தங்கலாம், அதனால் இரண்டையும் பார்க்க வேணும்.

பிரித்தானியாவில் 1999இல் இருந்து இந்த ஸ்கான் பாவனைக்கு வந்தது. அதுக்குப் பிறகு தலசீமியா நோயாளர்களில் இரும்பால் வந்த மரண வீதம் 71 சதவீதம் குறைந்ததாக 2008இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஸ்கான் தனிய உயிர் காக்கேல்லை, அந்தக் காலத்தில மருந்துகளும் மாறின. ஆனால் ஆருக்கு எந்த மருந்தை எவ்வளவு கூட்ட வேணும் எண்டு காட்டினது அதுதான்.

"ஏழை நாடு, எம்.ஆர்.ஐக்கு எங்க போறது?" எண்டு கேப்பினம். நியாயமான கேள்விதான். பக்கவாதம், விபத்து, புற்றுநோய் எண்டு அந்த மெசினுக்கு ஏற்கெனவே நீண்ட வரிசை. ஆனால் நாங்கள் கேக்கிறது ஒருவருக்கு வருசத்தில ஒருக்கால். சில நிமிச வேலை. படங்களை வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பிக் காசு கட்டிக் கணக்கெடுக்கிற முறையும் இருக்கு, உள்ளூரிலேயே கணக்கிடக்கூடிய முறையும் இருக்கு. இரண்டாவதுக்கு வேண்டியது ஆளைப் பயிற்றுறதும் மெசினை அளவுதிருத்திறதும். குறைந்த அளவில் மருந்து குடுத்துக் கடைசியில் இதய வாட்டில படுக்க வைக்கிற செலவை எந்தக் கணக்கில எழுதுறது?

இன்னொரு பதில் இருக்கு, அது எங்களுக்கு இன்னும் கோவம் வருத்துறது: "கலியாணத்துக்கு முதல் இரத்தம் சோதியுங்கோ, நோயே வராது." சோதிக்கத்தான் வேணும். ஆனால் இண்டைக்குக் கிளினிக் வாங்கில இருக்கிற 20 வயசுப் பிள்ளைக்கு அதில என்ன இருக்கு? தடுப்புப் பிரசாரத்தை மட்டும் கேட்டுக் கேட்டு, தாங்கள் பிறந்ததே ஒரு பிழை எண்ட மாதிரி அந்தப் பிள்ளைகள் உணருகினம்.

கலைப்பீடத்துக்கு ஈரலில் என்ன வேலை எண்டு நக்கலடிக்கிற ஆக்களுக்கு: எதை அளக்கிறம், எதை விடுறம், ஆரின்ட தலையில பழியைப் போடுறம் எண்டது எங்கட பாடம்தான்.

2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. தமிழில எழுதலாம். அடுத்த இரத்ததான முகாம் வைக்க முதல், உங்கட மாவட்டப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைத் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் போடுங்கோ. இந்த மாவட்டத்தில் ஒழுங்காக இரத்தம் ஏற்றுவோர் எத்தனை பேர்? கடந்த வருடம் அவர்களில் எத்தனை பேருக்கு ஈரல் இரும்பு எம்.ஆர்.ஐ. மூலம் அளக்கப்பட்டது? அளக்கப்படாதவர்களை எங்கே அனுப்புகிறீர்கள்? 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேணும். வாற பதிலை எங்களுக்கும் அனுப்புங்கோ, மாவட்டம் மாவட்டமா இதே பக்கத்தில போடுறம்.