வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, எதற்கு என்று தெரியுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

புயல் அடித்து ஓய்ந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரரைத் திட்டுவது நம் வழக்கம். திட்ட வேண்டிய இடத்தில் நானும் திட்டுவேன். ஆனால் தகராறு புயலன்று தொடங்குவதில்லை. வீட்டுக்கடன் வாங்கும் அன்று, பேங்கில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறோமே, அங்கேயே தொடங்கிவிடுகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் என் தங்கை மகள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போயிற்று. சர்வேயர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "இது பழைய கசிவு" என்று பாதியைக் கழித்தார். சாமான்களுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. "உங்கள் பாலிசி கட்டடத்துக்கு மட்டும்தான் மேடம்" என்றார்களாம். அவள் அந்தப் பாலிசியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பிரீமியத்தை மட்டும் கடனோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் சட்டம் நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிரக ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைத் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. புயல், வெள்ளம் இரண்டும் அதில் அடக்கம். சாமான்களையும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை பட்டியல் கொடுக்காமலேயே பாதுகாப்பு உண்டு. 'கட்டடம் மட்டும்' என்று டிக் அடித்தால் அது போயிற்று. அந்த டிக்கை யார் அடித்தது என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு வேறு தலைவலி. அங்கே சாதாரண வீட்டு பாலிசியில் காற்றுச் சேதம் உண்டு, வெள்ளம் கிடையாது. வெள்ளத்துக்குத் தனி பாலிசி. 2005இல் கத்ரீனா வந்தபோது, வீட்டை இடித்தது காற்றா தண்ணீரா என்றே வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. ஹூஸ்டன், புளோரிடாவில் இருப்பவர்கள் இன்றே எடுத்துப் பாருங்கள்.

பாலிசியின் வார்த்தை எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் பக்கத்து ஊரே சாட்சி. சமயநல்லூர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு வங்கியின் இன்சூரன்ஸ் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாலிசியில் உள்ள நிபந்தனைகளை வைத்துத்தான் பொருள் கொள்ள வேண்டும், வலிந்து வேறு அர்த்தம் சொல்லக்கூடாது என்று 1999இல் தீர்ப்பு. வீட்டு வழக்கு அல்லதான். ஆனால் பரவையிலிருந்து கூப்பிடு தூரத்து ஊரின் பெயரை நாடெங்கும் வக்கீல்கள் மேற்கோள் காட்டுகிறார்கள், நமக்குத்தான் தெரியவில்லை!

சரி, வார்த்தைதான் எல்லாம் என்றால், அந்த வார்த்தை கையெழுத்துப் போடுகிறவருக்குப் புரிய வேண்டாமா? ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் அச்சடித்து, அதையும் பேங்க் பைலில் வைத்துக்கொண்டு, "நீங்கள் படித்திருக்க வேண்டும்" என்பது என்ன நியாயம்? கடன் கொடுக்கும் அன்றே, என்னென்ன சேரும், என்னென்ன சேராது என்று ஒரு பக்கம் தமிழில் கையில் தர வேண்டும். பேங்கிலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் என் மாணவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன்.

பணம் குறைவாகத் தந்து, 'முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துக் கேட்டால், "எதிர்ப்புடன் பெறுகிறேன்" என்று எழுதிப் போடுங்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரை விசாரிப்பார். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். தங்கை மகளுக்கு இது தெரிந்தபோது பதினாலு மாதம் ஆகியிருந்தது.

"மதுரைக்குப் புயலா சார்?" என்று சிரிக்காதீர்கள். 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது எந்தப் புயலால்? ஒருநாள் மழைக்கே அந்தக் கதி. நம் ஊரிலும் கண்மாய் இருக்கிறது, அதன் பக்கம் புதுப் புது பிளாட்டும் வந்துகொண்டிருக்கிறது.

பரவையில் இருப்பவர்கள் பேங்கில் பாலிசி நகல் கேட்டு வாங்கி, ஞாயிறு காலை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன். காபி உண்டு.