செப்பேட்டில் தமிழ், திரையில் ஆங்கிலம்!

1995-ஆம் ஆண்டிற்கு முன்பு, செந்துறைப் பக்கத்து உழவர் ஒருவர் மாவட்ட ஆட்சியரிடம் தம் குறையைச் சொல்ல வேண்டுமானால், திருச்சிராப்பள்ளி வரை செல்ல வேண்டியிருந்தது. அவ்வாண்டில் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001-இல் அரியலூர் அதனின்று பிரிக்கப்பெற்றது. 2002-இல் மீண்டும் அதனோடு இணைக்கப்பெற்றது. 2007-இல் மறுபடியும் தனி மாவட்டமாக்கப்பெற்றது. இத்தனை பிரிப்புக்கும் இணைப்புக்கும் பின்னர் மக்களுக்குக் கிட்டிய நன்மை, அலுவலகம் சற்று அருகில் வந்ததே. அதன்பின் இணையம் வந்தது. அலுவலகத்தை ஊருக்கே, ஏன், உள்ளங்கைக்கே கொண்டுவந்து விட்டோம் என்று அரசு பெருமையோடு கூறுகின்றது. தொலைவு குறைந்தது உண்மைதான். ஆனால், அத்துணை அருகில் வந்து நிற்கும் அவ்வரசு, நம் உழவரிடம் எந்த மொழியிற் பேசுகின்றது? இவ்வினாவை எழுப்ப வேண்டிய கடமை நமக்குண்டு.

இதனைப் பெரம்பலூரையும் அரியலூரையும் முன்வைத்துக் கேட்பதற்குத் தக்க கரணியம் உண்டு. 2006-இல் நடுவணரசு நாடு முழுமைக்குமான மின்னாட்சித் திட்டத்தை வகுத்தது. அதன் ஒரு கூறாகிய மின்மாவட்டத் திட்டத்தைத் தமிழ்நாட்டில் முதற்கண் செய்து பார்ப்பதற்கு ஆறு மாவட்டங்கள் தெரிந்தெடுக்கப்பெற்றன. கோவை, கிருட்டிணகிரி, நீலமலை, திருவாரூர் ஆகியவற்றோடு பெரம்பலூரும் அரியலூரும் அவ்வாறனுள் அடங்கும். சாதிச் சான்றிதழ், வருவாய்ச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், குடும்பத்தின் முதற் பட்டதாரி என்னும் சான்றிதழ், கணவனாற் கைவிடப்பட்ட பெண்டிர்க்கான சான்றிதழ் ஆகிய ஐந்தும் முதன்முதலாக இணையவழி வழங்கப்பெற்றவற்றுள் அடங்குவன. ஓர் ஏழை மாணவன் கல்லூரிக்குள் நுழைவதும் நுழையாமற் போவதும் இத்தாள்களைப் பொறுத்தே அமைவதை நாம் அறிவோம்.

முன்பெல்லாம் ஊர் அலுவலரைத் தேடி ஒருநாள், வருவாய் ஆய்வரைத் தேடி ஒருநாள், வட்டாட்சியர் அலுவலகத் திண்ணையில் பல நாள் என்று மக்கள் அலைந்தனர். இன்று வேண்டுகைப் படிவம் கணிப்பொறியிற் பதியப்பெற்று, அம்மூவரிடத்தும் தானே சென்று, மின்கையொப்பத்தோடு திரும்புகின்றது. தாள் எந்த மேசையில் தங்கிக் கிடக்கின்றது என்பதையும் காட்டிவிடுகின்றது. அதுபோன்றே, நிலப்பதிவேட்டுப் பக்கத்தில் பட்டாவையும் சிட்டாவையும் தமிழிலேயே பார்க்கவும் படியெடுக்கவும் முடிகின்றது. நன்றாகச் செய்யப்பட்டதை நன்று என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. கருவியை நாம் வெறுப்பவரல்லர். அக்கருவி யார் கையில், யார் நாவில் இருக்கின்றது என்பதே நம் கவலை.

'அரசு இ-சேவை மையம்' என்று எழுதப்பட்ட பலகையின் கீழே நுழைந்து பாருங்கள். 'இ' ஆங்கிலம், 'சேவை' வடமொழி. 'மின்பணி நடுவம்' என்று எழுதினால் எவர்க்கு விளங்காது? பெயரில் உள்ள பிழை சிறிது. உள்ளே நிகழ்வதோ பெரிது. திரை, பணியாளரை நோக்கி இருக்கின்றது. வேண்டுகை தருபவரை நோக்கி இல்லை. அதில் ஓடுவது பெரும்பகுதியும் ஆங்கிலம். எதிரே நிற்கும் தாய் தன் மகளின் சான்றிதழுக்காக அறுபது உருபாவைக் கொடுத்துவிட்டு, தன்னைப்பற்றி என்ன எழுதப்படுகின்றது என்பதை அறியாமலேயே நிற்கின்றாள். கைப்பேசிக்கு ஓர் எண் வருகின்றது. அதனோடு வரும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் உள்ளது. 'இவ்வெண்ணை எவரிடமும் சொல்லாதீர்' என்பதே அவ்வெச்சரிக்கை. அதைப் படித்துச் சொல்லுமாறு அவள் பிறரிடமே கைப்பேசியை நீட்டுகின்றாள்! இதனினும் கொடிய நகைப்பு வேறுண்டா? பழைய இடைத்தரகன் வட்டாட்சியர் அலுவலக வாயிலில் நின்றான். புதிய இடைத்தரகனாக ஆங்கிலமே வந்து நின்றுவிட்டது.

அடுத்து, பெயர்ச் சிக்கலைப் பாருங்கள். மதியழகன் என்று ஓர் உழவர் இருக்கின்றார் என்று கொள்வோம். பட்டாவில் அவர் பெயர் தமிழில் செவ்வையாக உள்ளது. ஆங்கிலத்திலோ ழகரம் இல்லை. ஆதார் அட்டையில் ஒருவர் அதனை 'இசட்டு, எச்சு' என்னும் ஈரெழுத்தால் எழுதினார். வங்கியில் மற்றொருவர் 'எல்' என்னும் ஓரெழுத்தால் எழுதினார். ஆங்கிலத்திற் பதிந்த பெயரைக் கணிப்பொறி தானே தமிழாக்கியபோது, மதியழகன் 'மதியலகன்' ஆனார். ஓராள் மூவராகி விட்டார். பொறிக்கு இரக்கமில்லை, எழுத்து ஒத்தால் பணம் செல்லும், ஒவ்வாவிடில் நின்றுவிடும். தம் தந்தை இட்ட பெயர் தமக்கே பகையாகி நிற்பதைக் கண்டு அவர் திகைக்கின்றார். பிழை அவருடையதா? தமிழ்ப்பெயருக்கு மூலவடிவம் தமிழ் வடிவமே என்று ஒரு விதி செய்யத் தவறிய ஆட்சியினுடையது அன்றோ அப்பிழை?

மொழி அறியாமையின் விலை என்ன என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றுண்டு. 'கிசான்' என்னும் இந்திப் பெயர் தாங்கி 2019-இல் தொடங்கப்பெற்ற நடுவணரசின் உழவர் உதவித் திட்டம், ஆண்டுக்கு 6,000 உருபாவை மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் சேர்ப்பது. 2020-இல் தமிழ்நாட்டில் அத்திட்டத்தில் நிகழ்ந்த மோசடி வெளிப்பட்டது. அலுவலர்க்குரிய கடவுச்சொற்களைத் தரகர்களும் கணிப்பொறிக் கடைக்காரர் சிலரும் பயன்படுத்தி, ஐந்து இலக்கத்திற்கும் மேற்பட்ட தகுதியிலாரைப் பட்டியலில் ஏற்றினர். ஏறத்தாழ 110 கோடி உருபா தவறாக வழங்கப்பெற்றதாக அரசே அறிவித்தது. பெயர் சேர்க்கப்பட்டோருள், கொரோனாக் காலத் துயர்தணிப்புத் தொகை வருகின்றது என்று நம்பித் தம் அட்டைகளை நீட்டிய ஏழையரும் இருந்தனர். இம்மோசடிக்கு மொழி ஒன்றே கரணியம் என்று நாம் கூறவில்லை. ஆயின், எந்தத் திட்டத்திற்காக, எந்தப் பெயரில் தாம் பதியப்படுகின்றோம் என்பதைத் தம் மொழியில் ஒரே ஒருமுறை படித்திருந்தால், அவருட் பலர் ஏமாந்திருக்க மாட்டார்.

'கணிப்பொறிக்குத் தமிழ் வராது' என்று இன்னும் எவரேனும் சொல்வாராயின் அது பொய். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசே விசைப்பலகையைத் தரப்படுத்தியது. 2010-இல் ஒருங்குறியை அரசே தன் தரமாக ஏற்றது. 'இணையம்' என்னும் அழகிய சொல்லையே சிங்கப்பூர்த் தமிழராகிய நா. கோவிந்தசாமி நமக்குத் தந்தார். இணைய முகவரியின் இறுதியில் '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழெழுத்தாலேயே எழுதும் வாய்ப்பும் வந்துவிட்டது. ஓலையிற் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்று எகரமும் ஏகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டு வந்த காலத்தில், அவற்றிற்கு வேற்று வடிவம் தந்து மயக்கந் தீர்த்தவர் வீரமாமுனிவர். அவர் தங்கித் தொண்டாற்றிய ஏலாக்குறிச்சி இன்று அரியலூர் மாவட்டத்தில்தான் உள்ளது. அயல்நாட்டிலிருந்து வந்த அவர், எழுதுகருவியின் குறைக்காகத் தமிழைக் கைவிடவில்லை. தமிழுக்கேற்ப எழுத்தைத் திருத்தினார். இம்மண்ணிற் பிறந்த அலுவலர்க்கு அவ்வளவு அக்கறை கூடாதா?

வணிகரைப் பாருங்கள். பிளிப்கார்ட்டு, அமேசான் ஆகிய பெரு வணிக நிறுவனங்கள் 2020-இல் தம் விற்பனைப் பக்கங்களைத் தமிழிலும் திறந்தன. தமிழ்ப்பற்று அவர்களைத் தூண்டவில்லை; தமிழரின் பணப்பை தூண்டியது. வாங்குவோர் மொழியிற் பேசினால் விற்பனை பெருகும் என்று அவர்கள் கணக்கிட்டனர். பொருளை விற்பதற்குத் தமிழ் வேண்டும் என்று அயல் வணிகர்க்குத் தெரிந்திருக்கின்றது. உரிமையை வழங்குவதற்குத் தமிழ் வேண்டும் என்று நம் அலுவலகங்களுக்குத் தெரியவில்லை. அவ்வணிகரையும் முழுதாக நம்பிவிட வேண்டா. பொருளைக் காட்டும் பக்கம் தமிழில் இருப்பது போதாது. கடன் உடன்படிக்கையும், காப்பீட்டு விதிகளும், பணம் பிடிக்கப்பட்ட செய்தியும் தமிழில் இருத்தல் வேண்டும். இனிப்பைத் தமிழிலும் கசப்பை ஆங்கிலத்திலும் பரிமாறுவதை நாம் ஏற்க முடியாது.

இனி உலகத்தை நோக்குவோம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களின் மக்கள்தொகை இரண்டும் சேர்ந்து 13 இலக்கத்திற்குச் சற்று மேல். ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள எசுத்தோனியா என்னும் நாட்டின் மக்கள்தொகையும் ஏறத்தாழ அவ்வளவே! 1991-இல் தன் விடுதலையை மீட்டுக்கொண்ட அச்சிறுநாடு, 2001-இல் அரசுப் பதிவேடுகளை எல்லாம் இணையத்தால் இணைத்தது. 2002-இல் மின்னடையாள அட்டையை வழங்கியது. 2005-இல் இணையவழி வாக்களிப்பையே நடத்திக் காட்டியது. இவையனைத்தையும் தன் தாய்மொழியாகிய எசுத்தோனிய மொழியிலேயே செய்தது. அம்மொழியைப் பேசுவோர் உலகெங்கும் சேர்த்தாலும் நம் மாவட்டங்கள் சிலவற்றின் மக்களுக்கு ஈடாகார். நமக்கோ ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள். ஈராயிரம் ஆண்டு இலக்கியம். 1956-இலேயே இயற்றப்பெற்ற தமிழ் ஆட்சிமொழிச் சட்டம். எல்லாம் இருந்தும் நமக்கு எது குறைந்தது? தன் மொழியால் தன்னை ஆளவேண்டும் என்னும் மனவுறுதியே குறைந்தது.

அவ்வுறுதி இம்மண்ணுக்குப் புதியதன்று. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக எழுப்பிய முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைப் பாருங்கள். அரச குலத்தின் புகழைப் பாடும் பகுதி வடமொழியில் உள்ளது. ஊரின் எல்லையையும் கொடையையும் கூறும் பகுதியோ தமிழில் உள்ளது. வடமொழி மயக்கம் அரண்மனைக்குள் நுழைந்துவிட்ட அக்காலத்திலுங்கூட, மக்கள் படித்தறிய வேண்டிய பகுதியைத் தமிழிலன்றி வேறு மொழியில் எழுத அவர்கள் துணியவில்லை. அவர்தம் வருவாய்த்துறையின் பெயர் 'புரவுவரித் திணைக்களம்'. அதன் பதிவேடு 'வரிப்பொத்தகம்'. நிலவுரிமை கோயிற்சுவரில் எல்லாரும் காண வெட்டி வைக்கப்பெற்றது.

இன்று அம்முறை தலைகீழாக மாறிவிட்டது. புகழ்ச்சியெல்லாம் தமிழில் நடக்கின்றது. விழா மேடையிலும் விளம்பரப் பலகையிலும் தமிழ் கொஞ்சுகின்றது. எல்லையும் வரியும் உரிமையும் எழுதப்படும் திரையிலோ ஆங்கிலம் அமர்ந்திருக்கின்றது. சோழன் புகழுக்குப் பிறமொழியும் வேலைக்குத் தமிழும் கொண்டான்; நாம் புகழுக்குத் தமிழும் வேலைக்குப் பிறமொழியும் கொண்டோம். நம் வீழ்ச்சியை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

ஆகவே நாம் கேட்பவை இவை: அரசின் ஒவ்வோர் இணையப் பக்கமும் படிவமும் ஒப்புகைச் சீட்டும் கைப்பேசிச் செய்தியும் முதற்கண் தமிழில் இருத்தல் வேண்டும். தமிழில் எழுதப்பெற்ற பெயரே மூலப்பெயர் என்று ஆணையிட்டு, அதனை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஒரே முறையை வகுத்து, எல்லா அலுவலகங்களும் வங்கிகளும் அதனையே பின்பற்றச் செய்தல் வேண்டும். மின்பணி நடுவங்களில் திரை மக்களை நோக்கித் திரும்புதல் வேண்டும். எழுதியதைப் படித்துக்காட்டிய பின்னரே பதிதல் வேண்டும். தமிழ்நாட்டில் வணிகம் செய்யும் வங்கியும் குழுமமும் உடன்படிக்கையைத் தமிழில் தருதல் வேண்டும். முதலிற் செய்து பார்க்கத் தெரிந்தெடுக்கப்பெற்ற பெரம்பலூரும் அரியலூருமே இதனையும் முதலிற் செய்து காட்டட்டும்.

அரசு தானாகச் செய்யும் என்று காத்திருத்தல் நம் இயல்பன்று. 1964 சனவரி 25-இல் திருச்சிராப்பள்ளியில், தமிழ் வாழ்க என்று முழங்கித் தன்னைத் தீக்கு ஈந்த சின்னச்சாமி, அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூரில் பிறந்தவன். அத்தகைய உயிர்க்கொடையை நாம் எவரிடத்தும் கேட்கவில்லை. தமிழுக்கு இன்று வேண்டுவன உயிரோடு உழைக்கும் கைகளே. தமிழன்பர் ஒவ்வொருவரும் அடுத்த முறை அலுவலகத்திற்குச் செல்லும்போது வேண்டுகையைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். முன்னெழுத்தையும் தமிழிலேயே இட்டுக் கையொப்பமிடுங்கள். தமிழ் ஒப்புகைச் சீட்டைக் கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று தமிழில் எழுதிக் கேளுங்கள். எழுத்தறியா அண்டை வீட்டாரோடு ஒருநாள் உடன்சென்று, திரையில் உள்ளதை அவர்க்குத் தமிழிற் படித்துக் காட்டுங்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு. ஊரே கேட்டால் அது சட்டம்.

கல்லில் இருந்தோம், செம்பில் இருந்தோம், ஓலையில் இருந்தோம், தாளில் இருந்தோம். திரையிலும் இருப்போம். வாழ்க தமிழ்!