சுங்குத்தான் செய்து பார்க்கலாமா?

அடுப்படியில் ஊதாங்குழல் இருந்த காலத்தில், அதற்குள் ஒரு கொண்டைக்கடலையைப் போட்டு ஊதிப் பார்க்காத பிள்ளை உண்டா? எதிர்ச் சுவரில் 'டக்' என்று விழும். பின்னாலேயே அம்மாவின் திட்டும் விழும்.

இதற்கென்றே ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு கருவி இருந்தது. பெயர் சுங்குத்தான். மூச்சால் ஊதி உருண்டையை எறியும் நீண்ட குழல் அது. பழைய தமிழ் அகராதிகளில் இந்தச் சொல் இன்னும் இருக்கிறது.

அது எங்கிருந்து வந்தது என்பதைப் பெயரே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மலாய் மொழியில் இந்தக் குழல் 'சும்பித்தான்'. கீழக்கரை மரைக்காயர்களின் கப்பல்கள் துணி ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்கும் பினாங்குக்கும் போய், பாக்கும் வெள்ளீயமும் கொண்டுவந்த வழியில் இந்தச் சொல்லும் கரையேறியிருக்க வேண்டும். மலையாளத்திலும் இதே சொல்தான், 'தூம்பித்தான்' என்று.

சங்கு, முத்துக் குளிப்பு பற்றி ஆராய்ந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். மெட்ராஸ் மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்தவர். 1924-ல் லண்டன் மானிடவியல் இதழில் தென்னிந்திய ஊதுகுழல், வளரி, குறுக்குவில் மூன்றையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதினார். மூன்றில் வளரிக்கு யோகம். மருது சகோதரர்கள் கதையோடு சேர்ந்து பிழைத்துக்கொண்டது. சுங்குத்தானுக்கு அப்படி ஒரு கதை வாய்க்கவில்லை.

குழலின் சூட்சுமம் இரண்டுதான். எறியும் பொருள் குழலோடு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். இடைவெளி விட்டால் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும். அடுத்தது நீளம். குழலுக்குள் இருக்கும் வரைதான் மூச்சு அதைத் தள்ளும். அதனால் முழ நீளக் குழலைவிட இரண்டு முழக் குழலில் வேகம் கூடுதல். அதற்காக ஆள் உயரத்துக்குச் செய்தால் சின்னப் பிள்ளையின் மூச்சு பாதி வழியில் தீர்ந்துவிடும்.

பழைய மாதக் காலண்டர் தாளை விரல் பருமனுள்ள குச்சியில் இறுக்கிச் சுற்றி, மைதா பசை தடவி, குச்சியை உருவிவிட்டு ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள். தாள் நீளம் போதாவிட்டால் இன்னொன்றை மேலே சேர்த்துச் சுற்றலாம். அம்புக்குக் கடலைப் பொட்டலம் போலச் சின்னக் காகிதக் கூம்பு. அதன் வாயைக் குழல் அளவுக்குக் கத்தரித்தால் போதும். ஊசி, ஆணி எதுவும் வேண்டாம்.

முக்கியமான விஷயம்: குழலில் வாயை வைத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்கவே கூடாது, அம்பு தொண்டைக்குப் போய்விடும். ஊதும் முனையில் இரண்டு நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டால் அது உள்ளே வராது. கூம்பை முன்பக்கமாகவே போட்டு, கூர்முனை வெளியே பார்க்கும்படி ஒரு குச்சியால் தள்ளிக்கொள்ளலாம். மூச்சை முதலில் நிரப்பிக்கொண்டு, பிறகு வாய் வைத்து, 'தூ' என்று ஒரே ஊது.

குறிக்குக் காலித் தீப்பெட்டி போதும். மனிதர் முகத்தின் பக்கம் திருப்பக் கூடாது. பறவை பக்கமும் கூடாது. ஒரு காலத்தில் இந்தக் குழல் பறவைக்குத்தான் குறிவைத்தது. இன்று அதே மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் பறவைகள் சரணாலயங்கள். 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன.