கைடுகிட்ட பேரம் பேசி, பேங்க்ல கோட்டை விடாதீங்க



போன மாசம் ஐடி கம்பெனில வேலை பாக்கற ஒரு தம்பி கொட்டேஷனோட வந்தார். பெரு நாட்டுல இருக்கற கோல்கா பள்ளத்தாக்கு ட்ரெக். விமானம், ஹோட்டல், கைடு எல்லாம் சேர்த்து 4 லட்சம். "சார், 3 நாள் ட்ரெக்கை 2 நாளா குறைச்சுட்டேன், 5,000 மிச்சம்"னு சந்தோஷமா சொன்னார். பணத்துக்கு என்ன வழின்னு கேட்டேன். பர்சனல் லோன், 14% வட்டி, 36 மாசம்.

கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பினேன். இ.எம்.ஐ. சுமார் 13,670. வட்டி மட்டும் 92,000 ரூபாய்க்கு மேல. மிச்சம் பிடிச்சது 5,000!

அந்த 5,000-க்கு அவர் எதை விட்டாருன்னு பாருங்க. அரெகிபா நகரத்துல இருந்து போற பாதை 4,900 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டி கபானகோண்டே ஊருக்குப் போகுது. அங்கிருந்து கீழே இறங்கணும். வழக்கமான 3 நாள் ட்ரெக்ல முதல் ராத்திரி சான் ஹுவான் கிராமத்துல, ஊர்க்காரங்க நடத்தற எளிமையான வீட்டுல தங்கல். அவங்க சமையல்தான் சாப்பாடு. மறுநாள் கோஸ்னிர்வா, மலாட்டா ஊர்கள் வழியா சங்காயே. மூணாம் நாள் விடியறதுக்கு முன்னாடி கிளம்பி, ஏறத்தாழ 1,100 மீட்டர் செங்குத்து ஏற்றம். 2 நாள் டூர்ல இதே வழிதான், ஆனா அந்தக் கிராமத்துல மதிய சாப்பாட்டோட சரி. இவ்வளவு தூரம் பறந்து போறதே அந்த ஒரு ராத்திரிக்காகத்தானே?

என் கருத்து இதுதான்: மொத்த பில்லுல கைடுக்கும் ஹோம்ஸ்டேக்கும் போறது சின்னத் தொகை. பயணத்தோட உயிரே அதுலதான் இருக்கு. நாம பேரம் பேசறதும் அங்கதான். பெரிய ஓட்டைகள் எல்லாம் நம்ம பக்கம் இருக்கு.

லோன். எப்படியும் 3 வருஷம் கட்டத்தான் போறீங்க. அதையே முன்னாடி கட்டுங்க. மாசம் 16,000 ஆர்.டி., 6.5% வட்டின்னு வெச்சா 24 மாசத்துல சுமார் 4.1 லட்சம். உங்க கையில இருந்து போனது 3.84 லட்சம். லோன்ல போறது 4.92 லட்சம். நடுவுல டிக்கெட் விலை கொஞ்சம் ஏறினாலும் இந்த இடைவெளி தாங்கும்.

டி.சி.எஸ். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 2025-26 நிதியாண்டுல 10 லட்சம் வரைக்கும் 5% பிடிச்சாங்க. அந்தக் கணக்குல 4 லட்சத்துக்கு 20,000. இது செலவு இல்ல, உங்க வரிக் கணக்குல வரவு. அது பதிவாகி வந்திருக்கான்னு பாத்து ரிட்டர்ன்ல க்ளெய்ம் பண்ணுங்க. அந்த விவரத்தை ஆபீஸ்ல குடுத்தா சம்பள டி.டி.எஸ்.லயே கழிச்சுப்பாங்க.

கார்டு. 3.5% ஃபாரெக்ஸ் மார்க்கப், அதுமேல 18% ஜி.எஸ்.டி. ஆக, 1 லட்சம் தேய்ச்சா 4,130 காலி. மார்க்கப் இல்லாத கார்டு வாங்கிக்கோங்க. பள்ளத்தாக்குக்குள்ள கார்டை நம்பாதீங்க, சோல் நோட்டா கையில வெச்சுக்கோங்க.

இன்ஷூரன்ஸ். இதுல மட்டும் சிக்கனம் வேண்டாம். பல பாலிசில ட்ரெக்கிங்கும், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல நடக்கறதும் விலக்கு. வாங்கறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைப் படிங்க.

"வயசு இருக்கும்போதே போகணும் சார்"னார் தம்பி. நியாயம்தான். அவருக்கு 26. 28-லயும் முட்டி நல்லாத்தான் இருக்கும். முடியலன்னா மேலே ஏத்திவிட கோவேறு கழுதையும் வாடகைக்குக் கிடைக்குது. ஆனா ஊர் திரும்பினதுக்கு அப்புறம் 36 மாசம் இ.எம்.ஐ.யைச் சுமக்கறதுக்கு எந்தக் கழுதையும் கிடைக்காது.

அவர் இப்போ ஆர்.டி. ஆரம்பிச்சுட்டார், 3 நாள் ட்ரெக்குக்கு. நீங்க பிளான் பண்ற டூரோட கொட்டேஷனையும் எடுத்து வெச்சு, இந்த நாலு வரியையும் ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. பேரத்தை பேங்க்ல பேசுங்க. கைடுக்குக் கேட்டதைக் குடுத்துடுங்க.