முகம் பார்த்துப் பெயர் சொல்லும் பழக்கம்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததை ஒட்டிய பத்தாண்டுகளில் இத்தாலியில் உருவான ஸ்போர்ட்ஸ் கார்களின் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களை ஆராய்வோரிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மூக்கின் வளைவையும், காற்று உள்ளே போகும் முன்கிராதியையும், மட்கார்டின் நெளிவையும் பார்த்த மாத்திரத்திலேயே அது எந்தக் கார், அதற்குப் பாடி கட்டியவர் யார் என்று தேர்ந்த கண் சொல்லிவிடும் என்பதே அந்த நம்பிக்கை. படத்தொகுப்பு நூல்களில் பல படக்குறிப்புகள் இதை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு எழுதப்படுகின்றன. இந்த நம்பிக்கை தவறானது. அதைவிட முக்கியமாக, பெயர் தெரியாத சிறு பட்டறைகளில் சுத்தியல் பிடித்தவர்களின் உழைப்பைப் புகழ்பெற்ற சில பெயர்களின் கணக்கில் எழுதிவைக்கும் அநீதிக்கும் இதுவே காரணமாக இருந்துவருகிறது.

அக்காலத்து இத்தாலியக் கார் ஒரே கூரையின் கீழ் பிறந்ததல்ல. தொழிற்சாலை சேசிஸை, அதாவது எஞ்சினும் சக்கரங்களும் பொருத்திய அடிச்சட்டத்தை மட்டும் தயாரித்துத் தர, அதன்மேல் பாடி கட்டும் வேலையை ‘கரோட்சேரியா’ எனப்பட்ட தனிப் பட்டறைகள் செய்தன. மிலானில் டூரிங், ஜகாட்டோ, டூரினில் பினின் ஃபரினா, கீயா, பெர்டோனே, வின்யாலே, அல்லெமானோ, மோட்டோ, மோடெனாவில் ஸ்காலியெத்தி, பொலோன்யாவில் அன்சலோனி, பதோவாவில் ஃபொந்தானா என்று பெரிதும் சிறிதுமாக இவை வட இத்தாலி முழுவதும் பரவியிருந்தன. தகடு தட்டும் தொழிலாளி, இத்தாலிய மொழியில் ‘பத்திலாஸ்த்ரா’, மரத்தாலான மாதிரிச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகட்டை வைத்துக் கையால் அடித்து வளைத்ததால், ஒரே வரைபடத்தைப் பார்த்துக் கட்டிய இரண்டு கார்கள்கூட அச்சு அசலாக ஒன்றுபோல் அமைவதில்லை. ஒரே காரின் இடப்பக்கமும் வலப்பக்கமும் விரற்கடை அளவு வேறுபடுவதும் உண்டு.

இத்தகைய உலகில் உருவம் எந்த ஒரு பட்டறைக்கும் தனிச்சொத்தாக இருக்கவில்லை. வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வின்யாலேக்கு மட்டுமன்றி அல்லெமானோ, கீயா, பெர்டோனே ஆகிய பட்டறைகளுக்கும் வரைந்து கொடுத்தவர் ஆகையால், அவருடைய கைவரிசை தெரிவதாலேயே ஒரு காரை வின்யாலே கட்டினார் என்று முடிவு செய்ய இயலாது. பாடியைக் கொண்டு காரின் பெயரைச் சொல்வதும் அதே அளவு ஆபத்தானது. ஜியோவன்னி சவோனூட்சி வரைந்து கீயா கட்டிய ‘சூப்பர்சோனிக்’ என்னும் பாடி முதலில் ஆல்ஃபா ரோமியோ 1900 சேசிஸின்மேல் அமைந்தது; பின்னர் ஃபியட் 8வி, ஜாகுவார் எக்ஸ்கே 120, ஆஸ்டன் மார்ட்டின் ஆகியவற்றின் சேசிஸ்களிலும் ஏறியது. ஆக, முகத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு நாடுகளின் நான்கு கார்கள் ஒரே காராகவே தோன்றக்கூடும். அமெரிக்காவின் கன்னிங்ஹாம் சி-3 காருக்கும் பாடி கட்டியவர் வின்யாலேதான் என்பதால், கிரைஸ்லர் வி8 எஞ்சினைச் சுமந்த அந்தக் காரில் அதே காலத்து ஃபெராரியின் சாயல் தெரிவதில் வியப்பில்லை.

குழப்பம் பெயரிலும் இருக்கிறது. பினின் என்ற செல்லப்பெயரால் அறியப்பட்ட பத்திஸ்தா ஃபரினா, அண்ணன் ஜியோவன்னியின் ஸ்தபிலிமெந்தி ஃபரினா நிறுவனத்திலிருந்து பிரிந்து 1930இல் தம் பட்டறையைத் தொடங்கினார். அண்ணனின் நிறுவனம் 1953இல் மூடப்படும் வரை டூரினில் இரண்டு ஃபரினாக்கள் அருகருகே பாடி கட்டிக்கொண்டிருந்தன. பினின் ஃபரினா வடிவமைத்து, 1951இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கார் கண்காட்சியில் இடம்பெற்ற சிசிதாலியா 202 கூப்பேயை நன்கறிந்த கண்கள், அதன் சாயலில் ஸ்தபிலிமெந்தி ஃபரினா ஃபெராரி 166 இன்டர் சேசிஸில் கட்டிய கூப்பேயைப் பார்க்கும்போது தம்பியின் பெயரையே முதலில் சொல்கின்றன. பழைய படத்தின் பின்புறத்தில் ‘ஃபரினா’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பிழை முத்திரை குத்தப்பட்ட உண்மையாகிவிடுகிறது. மூடப்பட்ட பட்டறைக்காகப் பேச ஆளில்லை. நிலைத்து நின்ற பெயரோ மேலும் மேலும் வளர்கிறது.

ஒரு கார் தன் வாழ்நாள் முழுவதும் ஒரே முகத்தோடு இருந்தது என்ற எண்ணமும் இந்த நம்பிக்கைக்குள் ஒளிந்திருக்கிறது. ஜியான்னினோ மார்சோட்டோ 1951இல் பந்தயத்துக்குக் கொண்டுவந்த ‘உவோவோ’, அதாவது ‘முட்டை’, என்னும் ஃபெராரி, முதலில் டூரிங் கட்டிய ‘பார்கெத்தா’ (சிறு படகு) எனும் திறந்த பாடியோடு வெளிவந்த 166 எம்எம் கார். வழக்கமான ஃபெராரி சாயல் சிறிதும் இல்லாத மூடிய பாடியை அதே சேசிஸில் கட்டியது பதோவாவின் ஃபொந்தானா. இரண்டு படங்களில் இரண்டு முகங்கள் இருந்தும் கார் ஒன்றே. முகம் மாறுவதற்கு ஆண்டுக்கணக்கில் காலம் தேவைப்படவும் இல்லை. ‘ஸ்பைடர் கோர்சா’ வகை ஃபெராரிகளில் மட்கார்டுகளையும் விளக்குகளையும் பொருத்தினால் ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்திலும், கழற்றினால் ஃபார்முலா பந்தயத்திலும் ஓட்டலாம். 1948ஆம் ஆண்டு மில்லே மில்யா பந்தயத்தில் தாஸியோ நுவொலாரி அத்தகைய ஒரு காரை ஓட்டியபோது, வழியிலேயே ஒரு முன் மட்கார்டும் பானட்டும் பறந்துபோயின. புறப்படும்போது எடுத்த படத்தையும், எஞ்சின் வெளியே தெரிய ஓடும் படத்தையும் உருவத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால், ஒரே நாளில் ஒரே மனிதர் ஓட்டிய ஒரே காருக்கு இரண்டு பெயர் வைக்க நேரிடும்.

புகைப்படமும் நடுநிலையான சாட்சி அல்ல. சிவப்பு ஒளியை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமில் இத்தாலியின் பந்தயச் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகப் பதியும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிமிலோ, லென்ஸின் முன் வைத்த வடிகண்ணாடியைப் பொறுத்து அதே சிவப்பு வெளிறியும் போகலாம். அக்காலத்து லைகா போன்ற கேமராக்களில் ஷட்டரின் துணித்திரை இடைவெளி படச்சட்டத்தைக் கிடைமட்டமாகக் கடந்து செல்வதால், வேகமாகப் போகும் கார் அதன் திசைக்கேற்ப நீண்டோ குறுகியோ பதிகிறது. அப்படிப்பட்ட படத்தில் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து காரின் வகையைத் தீர்மானிப்பது வீண்வேலை. நெகட்டிவைத் தலைகீழ்ப் பக்கமாக வைத்து அச்சிட்டால் இடமும் வலமும் மாறிவிடும். இத்தாலியில் சாலையின் வலப்பக்கமாக ஓட்டும் வழக்கம் இருந்தும், ஆல்ஃபா ரோமியோ, லான்சியா, ஃபெராரி நிறுவனங்களின் அக்காலப் பந்தயக் கார்களில் ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே இருந்தது என்பதை அறியாதவர், நேராக அச்சிட்ட படத்தையே தவறென்று கருதித் திருப்பிவிடுவார். இந்த ஐயத்தைத் தீர்க்கக் காரின் முகம் உதவாது. அருகில் நிற்கும் மனிதரின் கோட்டைப் பார்த்தால் போதும்: ஆண்களின் கோட்டில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேலாக மடிந்து பொத்தானிடப்படும், படத்தில் அது மாறியிருந்தால் படமே திரும்பியிருக்கிறது.

பல்லாண்டுப் பயிற்சி பெற்ற கண்ணுக்கு மதிப்பே இல்லையா என்று இங்கே கேட்கப்படலாம். மதிப்பு உண்டு, அந்தக் கண் இல்லாமல் எந்த ஆய்வும் தொடங்காது. ஆனால் அது தருவது ஊகம், தீர்ப்பு ஆகாது. மெல்லிய எஃகுக் குழாய்களின்மேல் அலுமினியத் தகடு போர்த்தும் ‘சூப்பர்லெஜ்ஜேரா’ (மிக இலேசானது) என்னும் முறை டூரிங்கின் கண்டுபிடிப்பு என்றாலும், அதன் உரிமத்தைப் பெற்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நிறுவனமும் கார் கட்டியது. பட்டறைச் சின்னமோ நான்கு திருகாணிகளால் எந்தக் காரிலும் ஏறக்கூடியது. அடையாளம் என்று சொல்லப்படும் எல்லாமே இப்படி இடம் மாறக்கூடியவையாக இருக்கும்போது, அவற்றுள் மிக எளிதில் மாறும் உருவத்தை முதல் சான்றாகக் கொள்வது முறையாகாது.

முறையான வரிசை இதற்கு நேர்மாறானது. படம் எடுத்த நாளும் இடமும் முதலில் உறுதியாக வேண்டும்; அதற்குக் காரின் பின்னணியே நல்ல துணை. மில்லே மில்யாவில் 1949 முதல் ஒவ்வொரு காரின் எண்ணும் அது பிரேஷா நகரிலிருந்து புறப்பட்ட நேரத்தையே குறித்தது. 1955இல் ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய காரின் 722 என்பது காலை 7 மணி 22 நிமிடம் என்று பொருள்படும். சிறிய எஞ்சின் கார்கள் முதலிலும் பெரியவை கடைசியிலும் புறப்பட்டதால், அந்த எண்ணைப் பங்கேற்றோர் பட்டியலோடு ஒப்பிட்டால் ஓட்டுநரின் பெயரும் எஞ்சின் பிரிவும் கிடைத்துவிடும். நம்பர் பிளேட்டில் மிலானுக்கு எம்ஐ, டூரினுக்கு டிஓ, மோடெனாவுக்கு எம்ஓ என்று மாகாணக் குறி இருக்கும். ஆனால் ‘ப்ரோவா’, அதாவது ‘சோதனை’, என்று எழுதிய பிளேட் பட்டறையில் காருக்குக் கார் மாற்றி மாட்டப்பட்டது என்பதால் அதை வைத்துக் காரை முடிவு செய்யலாகாது. பிறகுதான் பெட்ரோல் மூடி இருக்கும் இடம், கதவுக் கீல், வைப்பர், பானட்டின் வார்ப்பட்டை, தகட்டில் விழுந்த நசுங்கல் என்று அந்த ஒரு காருக்கே உரிய குறிகளை, நாள் உறுதியான வேறு படங்களோடு ஒப்பிட வேண்டும். உருவத்தின் முறை எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது.

இந்த வரிசை பொறுமையைக் கேட்கிறது. பல படங்களில் இறுதிவரை போனாலும் பாடி கட்டியவரின் பெயர் கிடைக்காது. அப்போது எழுத வேண்டிய படக்குறிப்பு ஆண்டையும் ஊரையும் பந்தய எண்ணையும் சொல்லி, ‘பாடி கட்டியவர் உறுதியாகவில்லை’ என்று முடிய வேண்டும். அந்த வெற்றிடத்தில் அழகான ஒரு பெரிய பெயரை நிரப்பிவிட்டால், பதோவாவிலோ பொலோன்யாவிலோ அந்தத் தகட்டை வளைத்தவரைத் தேட அடுத்து வருபவருக்குக் காரணமே இல்லாமல் போகிறது. வெற்றிடமாக விட்டால் தேடல் தொடரும். என்றாவது ஒரு பட்டறையின் பழைய கணக்குப் புத்தகம் கிடைக்கும் நாளில், அவருடைய பெயரை எழுத இடம் இருக்கும்.